பதினொன்றரை மணிக்கு ஆன்லைனில்

பாளையங்கோட்டை
கார்த்திகை மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே?

புதன்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ராத்திரி பதினொன்றரைக்கும் ஆன்லைன்ல இருக்கீங்களே, முகம் தெரியாத ஆளுங்ககூட அப்படி என்னதாம்ப்பா பேசுறீங்க?" என்றாய். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்றேன். அதற்குள் உன்னை யாரோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவன் நான். பேச்சில் விட்டதைக் கடிதத்தில்தான் பிடிக்க வரும்.

முதலில் உன் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அங்கே யாரும் பணம் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டதெல்லாம் நம் ஊர்ச் சொதிக்குத் தேங்காய்ப்பால் எத்தனை தடவை பிழிய வேண்டும் என்பதுதான். அதையும் அம்மாவிடம் கேட்டுத்தான் சொன்னேன்.

நாங்கள் ஏழு பேர். 2020 ஊரடங்கில் பழைய படம் பேசுகிற பெரிய வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தோம். அது வழக்கம்போல அரசியல் பேசி உடைந்தது. சண்டையில் சேராத ஏழு பேர் தனியாக ஒதுங்கினோம். பேருக்குப் பதில் ஊர்தான் எங்களுக்கு. கோயம்புத்தூர் அக்கா, தூத்துக்குடி அண்ணாச்சி, பினாங்கு சார், யாழ்ப்பாணத்து டீச்சர். என்னைப் 'பாளை சார்' என்பார்கள். மற்ற இரண்டு பேர் வாசிப்பார்கள், கட்டைவிரல் போடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் ஒரு நாள் கட்டைவிரல் போடாவிட்டால் எங்களுக்கு இருப்புக் கொள்ளாது.

காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு வானம். "தூத்துக்குடி: நல்ல வெயில், உப்பளத்துக்குக் கொண்டாட்டம்." "பினாங்கு: இப்போது வெயில், மத்தியானம் இடிக்கும்." ஆனி, ஆடியில் கோயம்புத்தூர் அக்கா பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார். நமக்கு அந்த மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், காற்று மட்டும்தான் மிச்சம். ஐப்பசி பிறந்துவிட்டால் டீச்சர்தான் எங்களுக்கு வானிலை ரமணன். யாழ்ப்பாணத்தில் வானம் மூடினால் இரண்டொரு நாளில் பெரும்பாலும் இங்கேயும் மூடும். "துணியை எடுத்து வையுங்கோ" என்று போடுவார். நான் கொடியில் இருப்பதை எல்லாம் உருவிக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

துணி என்றதும் வீட்டு வேலை ஞாபகம் வருகிறது. அம்மா பேரனைப் பார்த்துக்கொள்ள உன் அண்ணன் வீட்டுக்குப் பெங்களூர் போய் எட்டு மாதம் ஆகிறது. கிரைண்டரில் மாவு ஆட்டத் தெரியாமலேயே அறுபத்தாறு வயதை எட்டியவன் உன் அப்பா. கடை மாவு புளிப்பு தாங்காமல் ஒரு நாள் நானே இறங்கினேன். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அளவெல்லாம் சரி. உளுந்துதான் பொங்கவே இல்லை, கூழ் மாதிரி சொதசொதவென்று கிடந்தது. குழுவில் படம் எடுத்துப் போட்டேன். கோயம்புத்தூர் அக்கா உடனே வந்தார். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள் என்று முதலில் ஒரு பெருமை. அப்புறம், "ஐஸ் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ஆட்டுங்கண்ணா. ஒரேயடியா ஊத்தாதீங்க. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில போட்டுப் பாருங்க, மிதந்தா வழிச்சுருங்க."

அடுத்த வாரம் அதன்படி செய்தேன். ராத்திரி எட்டு மணிக்கு, டம்ளரில் தண்ணீரோடு கிரைண்டர் பக்கத்தில் நிற்கிறேன். முதல் சொட்டு அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது. ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டது பாதி வழியில் தயங்கி அதுவும் இறங்கியது. மூன்றாவது சொட்டு மேலேயே நின்றது, மல்லிகை மொட்டு மாதிரி. அதையும் படம் எடுத்துப் போட்டேன். உடனே ஆறு பேரும் கைதட்டினார்கள். நான் ரிட்டையர் ஆன அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு கைதட்டல் விழவில்லை. "கரண்டி போடாமல் கையால் கரையுங்கோ" என்று டீச்சர் சேர்த்துக்கொண்டார். இந்த மழைக்குளிரில் மாவு புளிக்க மறுநாள் பத்து மணி ஆகிறது. நீ ஓவனுக்குள் லைட்டைப் போட்டு மாவை வைப்பாய் என்று சொன்னேன். பினாங்கு சாருக்கு ஒரே சிரிப்பு. அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் அசந்தால் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே நடந்துவிடுமாம்.

இன்னொன்று, இது உனக்கு மட்டும். அம்மாவின் பால் சட்டியைத் தீய்த்துவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு பாலையாவுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம் உனக்குத் தெரியும். 1964-ல் வந்த படம், நான் பார்த்தது வெகுநாள் கழித்து டெண்டுக் கொட்டகையில். அந்தக் காட்சி யாருடையது என்று மூன்று நாள் சண்டை. மற்ற எல்லாரும் நாகேஷ் பக்கம். நான் மட்டும் பாலையா பக்கம். கதை சொல்கிறவன் கையைக் காலை ஆட்டலாம், கத்தலாம். கேட்கிறவனுக்கு முகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அந்த மனுஷன் பயப்படுவதைப் பார்த்துத்தானே நாம் சிரிக்கிறோம்! இதைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் தீய்ந்த வாடை. சோடா உப்புப் போட்டு மூன்று தடவை கொதிக்க வைத்தாயிற்று. அடியில் இன்னும் கறுப்பாக ஒரு பிறை நிற்கிறது. நாகேஷ் கட்சிக்காரரான அக்கா சமாதானத்துக்கு ஆழியாறு பங்களாவைப் படம் எடுத்து அனுப்பினார். 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டு எடுத்த இடம்.

டீச்சருக்குப் பிடித்தது அந்த நாள். 1954-ல் வந்தது, பாட்டே கிடையாது. இலங்கை வானொலியில் போட ஒரு பாட்டுகூட இல்லாத படத்தையா உங்களுக்குப் பிடிக்கிறது என்று அவரைச் சீண்டுவேன். அவர் அங்கே கேட்ட அதே 'பொங்கும் பூம்புனல்' காலையில் இங்கே நம் வீட்டு ரேடியோவிலும் பாடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் கடல் கிடந்தது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஞாபகமே இல்லை.

இதெல்லாம் ஒரு பேச்சா என்பாய். நாங்குநேரிப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் நான் இருந்தபோது, பம்பாயில் இருந்த மகனுக்கு இன்லண்ட் எழுதித்தரச் சொல்லி ஒரு ஆச்சி மாதாமாதம் வருவாள். "மழை பெஞ்சுது, கொளம் பெருகிட்டு, செவலை கன்னு போட்டிருக்கு, கெடேரி, மேலவீட்டு ஓடு சரிஞ்சு போச்சு." மடிக்கிற ஓரம் வரைக்கும் எழுதியாகிவிடும். "ஆச்சி, இடம் தீர்ந்துபோச்சு, விஷயத்தைச் சொல்லுங்க" என்றேன் ஒரு தடவை. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வேற என்னய்யா விஷயம், ஒட்டிப் போடும்" என்றாள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. உனக்கும் அந்த நாள் மறந்திருக்காது, லைன் கிடைக்காமல் நீ அங்கே தவித்தாயே. அன்று மத்தியானம் பலே பாண்டியா பற்றிப் பேச்சு. 1962 படம். சிவாஜிக்கு மூன்று வேஷம் என்பதில் தகராறு இல்லை. எம்.ஆர். ராதாவுக்கு இரண்டு என்றார் அண்ணாச்சி, ஒன்றுதான் என்று பினாங்கு சார் பிடிவாதம். நடுவில் அண்ணாச்சி, "இங்கே மழை விடவே இல்லை" என்று ஒரு வரி போட்டார். அதோடு சரி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். இங்கே கொக்கிரகுளத்தில் ஆறு ரோட்டுக்கு வந்துவிட்டது. நமக்குக் கரண்டு வந்து போன் உயிர் பெற்றதும் முதலில் உனக்கும் அண்ணனுக்கும் பேசினேன், அடுத்தது குழுவைத் திறந்தேன். அண்ணாச்சி இல்லை. நான் இல்லாத நேரத்தில் டீச்சர் என் பேரையும் அவர் பேரையும் மாறி மாறிக் கூப்பிட்டிருந்தார். பினாங்கு சார் மட்டும் தினமும் காலையில் வானம் சொல்வதை விடவில்லை. அண்ணாச்சி திறந்து பார்க்கும்போது காலியாக இருக்கக் கூடாதாம்.

ஐந்தாம் நாள் காலையில் வந்தது. "தூத்துக்குடி: வெயில். வீட்டுக்குள்ள இன்னும் கெண்டைக்கால் தண்ணி. பீரோ போச்சு. ஆளுக எல்லாம் சுகம். ராதாவுக்கு ரெண்டு வேஷம்தான் வே."

நான் சமையல்கட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

பதினொன்றரை மணி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பதினொன்றரை என்றால் டப்ளினில் சாயந்திரம் ஆறு. ஆபீஸ் முடிந்து நடந்து போகும்போது நீ கூப்பிடுகிற நேரம். நீ கூப்பிடாத நாளில்தான் அந்த நேரத்தில் அவர்களோடு பேச்சு. கோபம் ஒன்றும் இல்லை. வேலை அப்படி. ஆனால் கூப்பிட்டாலும் "நல்லா இருக்கேம்ப்பா, வேலைதான், வேற என்ன" என்று முடித்துவிடுகிறாய். காலையில் என்ன சாப்பிட்டாய், துணி காய்கிறதா, மாப்பிள்ளை பாத்திரம் கழுவுகிறாரா, எதுவும் எனக்குத் தெரிவதில்லை.

காலை வரிசையில் அண்ணாச்சி உன் ஊரையும் சேர்த்துவிட்டார். "பாப்பா ஊர்ல எப்படி?" என்று தினமும் கேட்கிறார். போனில் தட்டிப் பார்த்து நானாக எதையாவது போட்டு வைக்கிறேன். இன்றைக்கு, "டப்ளின்: தூறல், 9 டிகிரி" என்று போட்டிருக்கிறேன்.

சரிதானா?

அன்புடன்,
அப்பா