ஆண்டறிக்கை 2024–25: இரு வகுப்பறைகள் சேர்ந்து நடத்திய தேர்தல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. பணி நிறைவு பெற்றோருக்கான பாராட்டு விழா, ஆசிரியர் தின விழா பற்றிய விவரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் விரிவாகப் பேச விரும்புவது, இரண்டு பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நடத்திக்கொடுத்த தேர்தலைப் பற்றித்தான்.

2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல் பணிக்கு நம்மில் பெரும்பாலோர் போயிருந்தோம். ஜூனில் பள்ளி திறந்தபோது வகுப்பறைச் சுவரில் வாக்குச்சாவடி எண் அப்படியே இருந்தது. "எங்கள் வகுப்பில் என்ன சார் நடந்தது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் கல்விக் குழுக்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. வாக்குச்சாவடியாக மாறும் அறையிலேயே ஆண்டு முழுவதும் உட்காரும் பிள்ளைக்கு அதற்கு முன் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லாதது எனக்கு உறுத்தலாக இருந்தது.

வகுப்புத் தலைவரை நாம் வழக்கமாக எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? கையைத் தூக்கச் சொல்கிறோம். பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை கையைத் தூக்குகிறது. வகுப்பாசிரியரே எண்ணி, வகுப்பாசிரியரே அறிவிக்கிறார். உண்மையான தேர்தலில் நம்மை அப்படி விடுவதில்லை. நாம் வசிக்கும் தொகுதியிலும் வேலை பார்க்கும் தொகுதியிலும் நமக்கு வாக்குச்சாவடிப் பணி தருவதில்லை. வெற்றி தோல்வியில் சொந்த அக்கறை உள்ளவர் பெட்டியைத் தொடக்கூடாது என்பதே அதன் நியாயம். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க ஒரு பள்ளி போதாது, இரண்டு பள்ளிகள் வேண்டும். ஏரியின் இந்தக் கரைப் பள்ளியின் மாணவர் தலைவர் தேர்தலை அந்தக் கரைப் பள்ளிப் பிள்ளைகள் நடத்துவது, அடுத்த வாரம் அவர்கள் தேர்தலை இவர்கள் நடத்துவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. தேசிய வாக்காளர் தினமான ஜனவரி 25ஐ ஒட்டி இரண்டும் நடந்தன.

அதற்கு முந்தைய மாதங்களில் இரு வகுப்புகளும் கடிதம் எழுதிக்கொண்டன. வேட்பாளர்களின் வாக்குறுதிகளை அடுத்த பள்ளிப் பிள்ளைகள் படித்துக் கேள்வி அனுப்பினார்கள். "தினமும் இரண்டு விளையாட்டு வகுப்பு தருவேன்" என்று எழுதியவளுக்கு, "நேர அட்டவணையை மாற்றும் அதிகாரம் மாணவர் தலைவருக்கு உண்டா?" என்று பதில் வந்தது. அவள் யோசித்து, பழுதான குழாயைப் பற்றித் தலைமையாசிரியருக்கு மனு கொடுப்பதாக மாற்றி எழுதினாள். இதை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்னங்களைப் பிள்ளைகளே வரைந்தார்கள். கட்சிகள் வைத்திருக்கும் சின்னம் எதுவும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தோம். பம்பரம் வரைந்து வந்தவன் காரணத்தைக் கேட்டுக்கொண்டு பூசணிக்காய்க்கு மாறினான்.

வாக்குப்பதிவன்று முகவர்களாக இருந்த பிள்ளைகளிடம் வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, காகிதம் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வாங்கிய பிறகே பதிவு தொடங்கியது. ஒருவர் பட்டியலில் பெயர் பார்க்க, அடுத்தவர் இடது கை ஆள்காட்டி விரலில் கறுப்பு மை வைக்க, மூன்றாமவர் சீட்டைக் கொடுத்தார். உண்மையான அழியாத மை 1962 தேர்தலிலிருந்து மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனத்திலிருந்து வருகிறது என்றும், கடையில் கிடைக்காது என்றும் சொன்னபோது பிள்ளைகளுக்கு வியப்பு தாங்கவில்லை.

எண்ணும்போது நடந்ததை உறுப்பினர்கள் அனைவரும் அறிய வேண்டும். ஒரு சீட்டில் பூசணிக்காய்க்கு எதிரே முத்திரை சரியாக இருந்தது. ஆனால் மூலையில் ஒரு பெயரும் வகுப்பும் அழகாக எழுதப்பட்டிருந்தன. எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் பெயர் எழுது என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்! வாக்களித்தவரை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தால் வாக்குச்சீட்டு செல்லாது என்பது தேர்தல் நடத்தும் விதி. எண்ணும் மேசையில் இருந்த ஐந்தாம் வகுப்பு மாணவி அந்தப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு விதித்தாளை எடுத்துப் படித்தாள். பெயரை வாய்விட்டுச் சொல்லாமலேயே "செல்லாதவை" கட்டில் வைத்தாள். அந்த ஒரு சீட்டால் பூசணிக்காயும் குடையும் சமமாயின.

சமநிலை வந்தால் குலுக்கல் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி நம் மூத்த உறுப்பினர் ஒருவர் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். முதலாம் பராந்தகன் காலத்தில் 30 குடும்புகளிலும், அதாவது ஊரின் பிரிவுகளிலும், தகுதியுள்ளவர்களின் பெயர் ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறை அது. அதன்படி ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழைத்து வரப்பட்டாள். குடத்திலிருந்து குடை வந்தது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலையில் நிற்க முடியாது என்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கால் வேலி என்ற நில அளவுக்கு மேல் இறைநிலம், அதாவது வரி கட்டும் நிலம், உடையவருக்கே தகுதி என்றதும், "நிலமே இல்லாத என் தாத்தாவின் பெயரை எழுதியிருக்க மாட்டார்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். கல்வெட்டின் பெருமையைச் சொல்லும் நாம் அந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 1951–52 பொதுத் தேர்தலில் நிலமோ படிப்போ கேட்காமல் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்கு கிடைத்தது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அந்த வகுப்பு அன்று உணர்ந்தது. அந்த வயது 1989இல் 18 ஆனது.

ஒரு சீட்டுக்காக இவ்வளவு பாடா என்று கேட்ட பெற்றோருக்கு, 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே வாக்கில் தோற்றதைச் சொன்னோம். பூசணிக்காய் வேட்பாளன் அன்று அழுதான். மறுநாள் வெற்றி பெற்றவளின் வாக்குறுதித் தாளைக் கேட்டு வாங்கி, எது எப்போது நிறைவேறியது என்று குறிக்கக் கட்டம் போட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டினான். அது இன்னும் அங்கே இருக்கிறது. குழாய்க்கு எதிரே தேதி எழுதப்பட்டுவிட்டது.

குறை ஒன்று உண்டு. மறு வாரம் நடந்த தேர்தலில் வேட்பாளர்களில் பெண் பிள்ளைகள் குறைவு. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள மாநிலத்தில் இதை நாம் கவனிக்க வேண்டும். வரும் ஆண்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலைப் போலவே வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகிய நான்கு பதவிகளுக்கும் நான்கு வண்ணச் சீட்டுகளோடு, ஒதுக்கீட்டையும் சேர்த்து நடத்தலாம் என்பது நிர்வாகக் குழுவின் பரிந்துரை. அதற்குக் குறைந்தது நான்கு பள்ளிகள் இணைய வேண்டும். விருப்பமுள்ள தலைமையாசிரியர்கள் இன்றே பெயர் தரலாம்.

இடம் கொடுத்த இரு பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பிள்ளைகளை ஏரிக்கரை வழியே பத்திரமாக அழைத்துச் சென்று வந்த பெற்றோருக்கும், சீட்டு அச்சிட்ட செலவை ஏற்ற உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்