செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பணியிலுள்ள ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வுப் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மதுரை நகரிலிருந்தும் உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் பகுதிகளிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பணி நிறைவுப் பாராட்டு விழாவும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தேறின. ஆயினும் 01.09.2025 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பின் நம் ஆசிரியர் மன்றத்தின் உழைப்பு ஏறத்தாழ முழுவதும் ஒரே பணிக்குச் சென்றதால், அதைப் பற்றியே விரிவாகக் கூற விழைகிறேன். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே பணியில் சேர்ந்தவர்களாயினும், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், அதற்குக் குறைவான பணிக்காலம் உள்ளவர்கள் தேர்ச்சியின்றித் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்கு அது கட்டாயம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. சட்ட வழியில் விலக்குக் கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று உறுப்பினர் சிலர் கருதினர். வழக்கை மாநில அமைப்புகள் பார்த்துக்கொள்ளட்டும், நாம் படிக்கத் தொடங்குவோம் என்று செயற்குழு முடிவெடுத்தது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

தொடக்கப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து வகுப்புகள் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை குவிந்துவிடுவதாக ஆசிரியைகள் எடுத்துரைத்ததால், பின்னர் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றினோம்; வருகை கூடியது. நகரில் வசிப்போர் புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழுவாகப் படித்தனர்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கான முதல் தாள் எழுதிய இடைநிலை ஆசிரியர்களுக்குப் பாடங்கள் அன்றாடம் நடத்துபவையே என்பதால், அவர்களுக்கு வேண்டியிருந்தது பெரும்பாலும் வினாத்தாள் பயிற்சிதான். பட்டதாரி ஆசிரியர்களின் நிலை வேறு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கென அவர்கள் எழுதும் இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்களில் 60, கணிதமும் அறிவியலும் சேர்ந்த பகுதிக்கோ சமூக அறிவியலுக்கோ உரியது. இருபது ஆண்டுகளாக இலக்கணம் நடத்தும் தமிழாசிரியர், இவ்விரண்டில் ஒன்றை எடுத்தே தீர வேண்டும். கணித ஆசிரியருக்கோ தாவரவியலும் விலங்கியலும் புதிதாகப் படிக்க வேண்டியவை. (தம் பாடத்தில் கரை கண்டவரைப் பிறர் பாடத்தில் சோதிப்பது எவ்வகை நியாயம் என்று வகுப்பில் எழுந்த கேள்விக்கு என்னிடம் விடையில்லை.) எனவே உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். புவியியல் ஆசிரியை வரைபடம் விரித்துப் பாடம் எடுக்க, தலைமையாசிரியர் ஒருவர் முன் பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுத்தார்.

இரு தாள்களிலும் 30 மதிப்பெண்ணுக்குரிய குழந்தை மேம்பாட்டுப் பகுதியே பலரையும் அச்சுறுத்தியது. பியாஜே, வைகாட்ஸ்கி என்ற குழந்தை உளவியல் அறிஞர்களின் பெயர்கள் ஆசிரியர் பயிற்சிக் காலத்தோடு மறந்துபோயிருந்தன. ஒரு சனிக்கிழமை மூத்த ஆசிரியை ஒருவர் அகலமான கிண்ணத்திலிருந்த தண்ணீரை ஒடுங்கிய உயர டம்ளரில் ஊற்றிக் காட்டி, “டம்ளர்லதான் நெறைய இருக்குன்னு ஒண்ணாப்புப் பிள்ளைக சொல்லுமே, அதைத்தான் பியாஜே சொல்றாரு” என்றார். தாம் நாள்தோறும் வகுப்பறையில் காண்பதுதான் நூலில் கோட்பாடாக இருக்கிறது என்று தெளிந்தபின் அப்பகுதி எளிதாயிற்று.

விடைத்தாளில் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டங்களை நிரப்புவதற்கும் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால், எவ்வினாவையும் விடாமல் எழுதும்படி வலியுறுத்தினோம். நகல் எடுக்கும் செலவையும் தேநீர்ச் செலவையும் மன்றமே ஏற்றது.

தேர்ச்சி பெற்றவர்களை மேடையேற்றிப் பாராட்ட வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. ஓரிரு மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்தவர்களும் இதே அரங்கில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் அடுத்த தேர்வு வரை வகுப்புக்கு வருவதே நமக்கு முக்கியம்.

வரும் ஆண்டில், தேர்ச்சி பெற்றவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் எழுத வேண்டிய ஓர் ஆசிரியருக்குத் துணையாக இருப்பதென்றும், பதவி உயர்வுக்குரிய துறைத் தேர்வுகளுக்கும் வகுப்பு தொடங்குவதென்றும் செயற்குழு முன்மொழிகிறது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.