ஞாயிறு மாலை: பழைய கார் மாடல்கள்

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு வீடியோ அழைப்பில் கூடுகிறோம். இந்த முறை 1950, 60களின் கார்கள் மட்டும்.

1. ஆளுக்கு ஒரு டைகாஸ்ட் மாடல் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த குட்டி கார்). அளவு 1:18 அல்லது 1:43, அதாவது நிஜ காரில் 18-ல் அல்லது 43-ல் ஒரு பங்கு.
2. பானெட் திறக்கும் என்றால் எஞ்சின் தெரியும்படி படம் எடுங்கள். மெர்சிடிஸ் 300 எஸ்எல் வைத்திருப்பவர்கள், மேல்நோக்கித் திறக்கும் அந்தக் கதவைக் கட்டாயம் காட்டுங்கள்!
3. அப்புறம், மாடலின் உடலை நன்றாகப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம், மெல்லிய விரிசல் இருந்தால் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்ததால் வரும் அரிப்பாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி (பிரிட்டிஷ் பொம்மை கார் பிராண்ட்) மாடல்கள் பல இப்படித்தான் நொறுங்கின. இந்த அரிப்பு வந்தபின் சரிசெய்ய முடியாது. ஈரமில்லாத இடத்தில் வைத்தால் வேகம் குறையும். சந்தேகம் இருந்தால் உடனே படம் போடுங்கள்.

வருபவர்கள் வெள்ளிக்குள் மாடல் பெயரோடு பதில் போடுங்கள்.