பேரனால் தெரிந்த நோய்

பாம்பன்

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரை கரையில்தான்.

பெரியண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். கை நடுக்கத்துக்கு, பார்க்கின்சன் என்று கொடுத்த மாத்திரை ஒன்றும் கேட்கவில்லை. தள்ளாடி நடப்பதைப் பார்த்து, 'காலையிலேயே ஏத்திட்டாரா' என்று சிரித்தவர்களும் உண்டு. அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. டீக்கடையில் கவனித்திருக்கிறேன்: தொடைமேல் கிடக்கும் கை சும்மா கிடக்கும். கிளாசை எடுக்கப் போனால் ஆட ஆரம்பிக்கும், கிட்டே போகப் போக அதிகமாகும், பாதி டீ வேட்டியில். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் ஆடுமாம்.

கடைசியில் பேரனால்தான் தெரிந்தது. அண்ணன் மகள் கனியின் பையனுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று மதுரையில் ரத்தம் எடுத்தார்கள். ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறு என்று வந்தது. உடனே டாக்டரம்மா, 'உங்க அப்பாவுக்குக் கை நடுங்குமா?' என்று கேட்டாராம். கனி ஆடிப்போய்விட்டாள்.

எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு. அதில் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும், சாதாரணமாக 45 தடவைக்குள். 55 முதல் 200 வரை இருப்பவர்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பார்கள்; வயது ஐம்பது தாண்டினால் சில ஆண்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், மறதி வரும். இந்தக் கோளாறு அப்பாவிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும், மகன்களுக்குப் போகாது. அந்த மகளின் பிள்ளையிடம் எண்ணிக்கை கூடி 200ஐத் தாண்டினால்தான் பேச்சும் படிப்பும் பின்தங்கும். தாத்தாக்களுக்கு வரும் இதை 2001இல்தான் அமெரிக்காவில் ஹேகர்மன் தம்பதி எழுதினார்கள். அதுவும் பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் தங்கள் அப்பாவின் தடுமாற்றத்தைச் சொல்லிச் சொல்லித்தான். மகள்கள் கண்டுபிடித்த நோய் என்றே நான் சொல்வேன்.

குணமாக்க மருந்தில்லை. நடுக்கத்துக்கு வேறு மாத்திரை, கையில் தடி, அவ்வளவுதான். ஆனாலும் அண்ணனுக்கு இப்போது தெம்பு. 'குடிகாரன்னு சொன்னவனை வரச்சொல்லு' என்கிறார்.

அண்ணனுக்கு இது எங்கள் ஆத்தாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இருந்தால் என் இரண்டு பெண்களுக்கும் நிச்சயம். சின்னவளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இதைக் கிளறாதீர்கள் என்கிறாள் உன் தங்கச்சி. மூத்தவள் அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறாளே, அவளிடம் எப்படி மறைப்பது? சோதனை முடிந்ததும், எது வந்தாலும், இருவரிடமும் சொல்லிவிடப் போகிறேன். சம்பந்தி வீடெல்லாம் அப்புறம்.

தடை முடியுமுன் மதுரை வருகிறேன். ஒரு ராத்திரி உன் வீட்டில் தங்கலாமா? உன் தங்கச்சியிடம் கண் பரிசோதனை என்றுதான் சொல்லியிருக்கிறேன். போனில் உளறிவிடாதே.

உன்,
முருகேசன்