பூப்பாத்தியில் கத்தரிச் செடிக்கும் இடம் வேண்டும்: குடியிருப்போர் நலச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நடைபாதையோரப் பூப்பாத்திகளில் இனிக் காய்கறிச் செடிகள் கூடாது என்றும், இருப்பவற்றைத் தோட்டக்காரரைக் கொண்டு அகற்றிவிடுவது என்றும் நீங்கள் எடுத்த முடிவை அறிவிப்புப் பலகையில் படித்தேன். விருப்பமுள்ளவர்கள் மொட்டை மாடியில் பைகள் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில், காலையில் ஊற்றிய தண்ணீர் மாடிப் பைகளில் மாலை வரை நிற்பதில்லை. செடி வளர்ப்பதில் அதிக நாட்டமுள்ள நம் முதியவர்களால் அன்றாடம் மாடிப்படி ஏறி இறங்கவும் முடியாது. கீழே மண்ணும் சொட்டுநீர்க் குழாயும் தயாராக இருக்கின்றன.

தோற்றம் கெடுகிறது என்பதே நீங்கள் சொல்லும் காரணம். இப்போது அந்தப் பாத்திகளில் இருப்பவை எவை? கரையோரச் சிவப்புச் செடி பொன்னாங்கண்ணியின் நெருங்கிய உறவு. நுழைவாயிலில் அழகுக்கு வைத்திருக்கும் கோழிக்கொண்டையும், நாம் மசியலுக்குப் பறிக்கும் பண்ணைக்கீரையும் ஒரே இனம். சுவரோர அரளியோ வேர் முதல் பூ வரை நஞ்சு. வேலிச்செடியான துரந்தாவின் மஞ்சள் பழங்களையும் குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது. அரளிக்குத் தடையில்லாத பாத்தியில் கத்தரிக்குத் தடை என்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

காய்கறியால் அழகு கெடும் என்ற எண்ணம் உலகம் முழுவதற்கும் பொதுவானதன்று. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் உள்ள வில்லாந்திரி மாளிகையை 1906இல் வாங்கிய ஹோவாகின் கார்வாயோ அமைத்த தோட்டத்தில், ஒன்பது சதுரங்களில் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் நிறம் பார்த்து நடப்பட்டு, ஆண்டுக்கு இருமுறை மாற்றப்படுகின்றன. அதைப் பார்க்கவே மக்கள் கட்டணம் செலுத்தி வருகிறார்கள். ஊதாப்பூ அவரையை அமெரிக்கர்கள் பூவுக்காகவே பந்தலில் ஏற்றுகிறார்கள். மாறாக, புளோரிடாவின் மயாமி ஷோர்ஸ் ஊராட்சி 2013இல் வீட்டு முன்புறத்தில் காய்கறிக்குத் தடை விதித்து, நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம் என்று மிரட்டி ஒரு தம்பதியின் பல்லாண்டுத் தோட்டத்தைப் பிடுங்க வைத்தது. நீதிமன்றங்கள் தடையை ஏற்றுக்கொண்டபோதிலும், 2019இல் அம்மாநிலமே சட்டம் இயற்றி இத்தகைய தடைகளைச் செல்லாமல் ஆக்கியது.

உங்கள் கவலைகளில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுப்பாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: நம் பாத்திகளுக்குப் பாய்வது சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் மறுசுழற்சி நீர். இலையில் படக்கூடிய அந்த நீரில் கீரை வளர்ப்பதை நானும் ஏற்க மாட்டேன். காய்கறி நடும் பகுதிக்கு மட்டும் கிணற்று நீர் இணைப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அங்கே மாதாந்திர மருந்தடிப்பை நிறுத்திவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசலோடு நிற்க வேண்டும்.

அடுத்தது, எதை எங்கே நடுவது என்பது. சிறுகீரையை ஒரு மாதத்துக்குள் வேரோடு பிடுங்கிவிடுவோம். பாத்தி முன்வரிசையில் அது இருந்தால் மொட்டையாகத்தான் தெரியும். ஆகவே இட்லிப்பூ வரிசை முன்னால் அப்படியே இருக்கட்டும். கீரை அதன் பின்னால் போகட்டும். மாதக்கணக்கில் நின்று காய்க்கும் கத்தரியும் மிளகாயும் நடுவில் இருக்கலாம். தக்காளி வைத்தால் இடையிடையே செண்டுமல்லி வேண்டும். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியை விட்டு அதில் முட்டையிட வரும், செண்டுமல்லியின் வேர் மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவையும் அடக்கும். வெண்டையை மட்டும் செம்பருத்திக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால், செம்பருத்திக் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் அப்பியிருக்கும் மாவுப்பூச்சி எறும்புகளின் தயவில் வெண்டைக்கும் வந்துசேரும். (இரண்டாம் பிளாக் முனையில் சென்று இலையைத் திருப்பிப் பாருங்கள், செடி பூச்செடி என்பதால் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.)

எனவே என் வேண்டுகோள் இதுதான். பொதுக்குழு கூடும் வரை செடிகளை அகற்றுவதை நிறுத்திவையுங்கள். கிழக்குச் சுற்றுச்சுவரை ஒட்டிய, காலை முதல் நண்பகல் தாண்டியும் வெயில் விழும் ஒரே ஒரு பாத்தியை ஆடி முதல் தை வரை சோதனைக்குத் தாருங்கள். காய்ந்த செடியை ஒரு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் அந்த இடத்தைச் சங்கம் திரும்பப் பெறலாம். இந்த விதி காய்ந்த குரோட்டன்ஸுக்கும் பொருந்த வேண்டும். விளைவதைக் காவலர் அறை மேசையில் வைத்துவிடுகிறோம். தோட்டக்காரரும் துப்புரவுப் பணியாளர்களும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.

பந்தல் அவரையை ஆடிப் பட்டத்தில் ஊன்றினால்தான் மார்கழி, தையில் காய்க்கும். ஆனி முடிவதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் விதை வாங்கவும் மண்ணைக் கொத்தி எருவிடவும் நேரமிருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாம் பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்