சரீர உத்தானம் என்றால் சரீரம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை நாங்கள் கைப்பேசியில்தான் படிப்பது, அதுவும் கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து. ஈஸ்டர் அன்று நீங்கள் போட்ட கட்டுரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் "உடல் மண்ணுக்குப் போனாலும் ஆன்மா அழியாது, இதுவே கிறிஸ்தவர்களின் உயிர்ப்பு நம்பிக்கை" என்று முடித்தீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஆன்மா அழியாது என்று சொல்ல ஈஸ்டர் எதற்கு? அதைப் பிளேட்டோ, இயேசு பிறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே சொல்லிவிட்டுப் போய்விட்டார், கீதையிலும் இருக்கிறது.

எங்கள் அப்பாயி விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன், நித்திய சீவியத்தை விசுவசிக்கிறேன்" என்பார். இப்போது பூசையில் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன், நிலைவாழ்வை நம்புகிறேன்" என்கிறோம். தமிழ் மாறியிருக்கிறது, உடல் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. லூக்கா 24-ஐப் பாருங்கள், உயிர்த்த இயேசுவைக் கண்டு ஏதோ ஆவி என்று சீடர்கள் அரண்டு நிற்கிறார்கள், அவரோ சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, மீன் துண்டு ஒன்றை வாங்கி அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிடுகிறார். ஆவி மீன் தின்னுமா?

எங்களுக்கு இது வேதபாடம் அல்ல, வீட்டு விஷயம். 1990-களில் நகருக்குள் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தைக் காலி செய்யச் சொன்னபோது, முடிந்தவர்கள் எலும்புகளைத் தோண்டியெடுத்து ஊருக்கு வெளியே யேவே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பா மண்வெட்டியோடு போன அன்று நானும் கூடப் போனேன். தாத்தா குழியில் மண்டையோடு, தொடை எலும்பு, பச்சை பிடித்த ஜெபமாலைச் சிலுவை எல்லாம் இருந்தது, பிஸ்கட் தகரப்பெட்டியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தோம். பக்கத்துக் குழி அத்தையுடையது, பிறந்து நாற்பது நாளில் போன குழந்தை. அதில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு மண். அப்பாயி அந்த மண்ணில் இரண்டு கைப்பிடி அள்ளி அதே பெட்டியில் போட்டுவிட்டு, "இவளை ஆண்டவர் எதை வைத்து எழுப்புவார் சாமி?" என்று கேட்டார். சாமியார் அன்று ஒன்றும் சொல்லவில்லை, ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு 1 கொரிந்தியர் 15-ஐ எடுத்துப் பேசினார். நீ விதைப்பது வெறும் விதை, எழுந்து வருவது அதே உரு அல்ல, ஆனாலும் அந்தந்த விதைக்கு அதற்குரிய உடலைக் கடவுள் கொடுக்கிறார் என்கிறாரே பவுல், அந்த இடம். அப்பாயி பேகு பக்கம் வயலில் நாற்று நட்டவர், உடனே பிடித்துக்கொண்டார். "ஆமா, பயிர் வந்தப்புறம் விதைநெல்லு எங்கன்னு யாராவது தோண்டிப் பாப்பாங்களா?"

அப்பாயியின் அண்ணன் கதை இன்னும் மோசம். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்கான பேர் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்களே, அந்தக் கூட்டத்தில் 1942-ல் இந்திய எல்லையோரத் தமு வழியில் காலராவில் போய்விட்டாராம். குழியும் இல்லை, குருசும் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் தாத்தா கல்லறை ஓரத்தில்தான் அவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. கடலும் தன்னிடம் உள்ள இறந்தவர்களை ஒப்படைக்கும் என்று திருவெளிப்பாட்டில் இருக்கிறது, அந்தக் காடு மட்டும் வைத்துக்கொள்ளுமா என்ன?

உடலை எரிப்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே அனுமதி கொடுத்துவிட்டது, உயிர்ப்பை மறுப்பதற்காக எரிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாம்பலைத் தூவாதே, வீட்டில் வைக்காதே, புனித இடத்தில் வை என்று 2016-ல் ரோமாபுரியிலிருந்து அறிவுரை வந்தது. எலும்பு இருந்தால்தான் கடவுளால் முடியும் என்பதில்லை, அதற்காக உடலை உரித்த தோல் மாதிரி நினைக்கவும் கூடாது. உங்கள் கட்டுரை அந்தத் தோல் பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்படியானால் இது மறுபிறவிதானே என்று எங்கள் பக்கத்து வீட்டு பர்மா அம்மாவும் கேட்டிருக்கிறார். இல்லை. மறுபிறவி என்றால் வேறு பெயர், வேறு வீடு. கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மகதலா மரியாவை உயிர்த்த இயேசு "மரியா" என்று பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், அவளும் அந்தக் குரலில்தான் அடையாளம் கண்டாள். அந்த பர்மா அம்மாவிடம் நிலைவாழ்வைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபம், பர்மிய பைபிளில் அதற்கு "தாவர அதெ" என்று இருக்கிறது, அதெ என்றால் உயிர். நம் தாவரமும் அந்தத் தாவரமும் ஒரே வேர்தான், நிலையாக நிற்பது. அப்புறம், நிலைவாழ்வு செத்த பிறகுதான் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். என் வார்த்தையைக் கேட்டு நம்புகிறவர் நிலைவாழ்வைக் கொண்டிருக்கிறார் என்று யோவான் 5-ல் இயேசு சொல்கிறார், "பெறுவார்" என்று அல்ல.

ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும், "ஆன்மா" என்று வருகிற அந்தக் கடைசி வரியில். அப்பாயி 2003-ல் போனார். யேவேயில் தாத்தா குழியிலேயே வைத்தோம், தகரப்பெட்டி காலடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகர் ஒருவர்