உன் தீர்க்கதரிசியும் என் பேராயரும்

அன்புள்ள ஜெபராஜ்,

உன் கடிதம் மேசையிலேயே கிடக்கிறது. பதில் போடாமல் நாளைக் கடத்திவிட்டேன், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மெர்சி அக்கா இன்னும் பாட்டுக்குழுவில் எல்லாருக்கும் முன்னாடி ஒரு வரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பேராயரும் கமிட்டியும் நடத்தும் நம் திருமண்டலத்தை விட்டு வீட்டுச் சபைக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தாய். அதில் எனக்கு வருத்தமில்லை. திருமண்டலத் தேர்தல் சமயத்தில் இங்கே இரண்டு அணியும் போடுகிற கூத்துக்கு யார்தான் ஓடமாட்டார்கள்? நீ சொன்ன காரணம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. ஆதிச் சபையில் பிஷப் என்கிற பேராயரும் இல்லை, கமிட்டியும் இல்லை, ஆவியானவர் நடத்தினார், அவ்வளவுதான் என்கிறாய். யாருடைய வசனம் இது, உன்னுடையதா, உன் பாஸ்டருடையதா?

பாதி சரிதான். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது கண்காணிகள், அதாவது பிஷப்புகள், என்று பலரைத்தான் வாழ்த்துகிறார். ஊருக்கு ஒரு பிஷப் என்ற ஏற்பாடு அப்போது அங்கே இல்லை. ஆனால் 96 வாக்கில் ரோம் சபை கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தைப் பார். கிளமெந்து எழுதியது என்பார்கள், உள்ளே அவர் பெயரே கிடையாது. எழுதக் காரணம் என்ன தெரியுமா? குற்றம் குறை இல்லாமல் ஊழியம் செய்த மூப்பர்களைச் சிலர் சேர்ந்து பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்தப் பதவிக்காகச் சண்டை வரும் என்று அப்போஸ்தலருக்கு முன்பே தெரியும் என்று அதில் வருகிறது. முதல் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இந்த லட்சணம். நம் இரண்டு அணிகளும் வெகு பழமையான பாரம்பரியம், போ!

சில வருஷம் கழித்து அந்தியோகியாவின் பிஷப் இக்னேசியஸ் வருகிறார். பத்துப் போர்வீரர்கள் காவலில் ரோமுக்குச் சாகப் போகிற வழியில் ஏழு கடிதம் எழுதினார். தன்னோடு வந்த காவலர்களைச் சிறுத்தைகள் என்கிறார், பாவம். பிஷப் இல்லாமல் எதையும் செய்யாதே என்பதுதான் அவருடைய ஓயாத பல்லவி. வேடிக்கை என்னவென்றால், ரோமுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அந்த ஊர் பிஷப் என்று ஒருவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி நடந்திருக்கிறது.

உனக்காகவே எடுத்து வைத்தது டிடாக்கே. மிகப் பழைய சபை ஒழுங்கு நூல். தொலைந்துபோனதாகவே நினைத்தார்கள், 1873இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கிடைத்தது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலரையும் தீர்க்கதரிசிகளையும் என்ன செய்வது என்று அதில் சட்டமே இருக்கிறது. வருகிறவர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு ரொட்டி கொடு. பணம் கேட்டால் கள்ளன். ஆவிக்குள்ளாகி 'எனக்குப் பணம் தா' என்றால் காது கொடுக்காதே. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் மட்டும் குறை சொல்லாதே. அப்புறம் அதே நூல், பண ஆசை இல்லாத கண்காணிகளை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்கிறது. உன் ஆதிச் சபைதான் சொல்கிறது, நானில்லை.

பணம்தான் இதில் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 150 வாக்கில் ரோமில் இருந்த கிறிஸ்தவப் போதகர் ஜஸ்டின் எழுதுகிறார்: ஞாயிற்றுக்கிழமை வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பார்கள், அது கூட்டத்தை நடத்துகிறவர் கையில் சேரும், அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரார் எல்லாரையும் கவனிப்பார். நூறு வருஷம் கழித்து ரோம் பிஷப் கொர்நேலியு சொல்லும் கணக்கில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள் (டீக்கன்கள்). சபை சோறு போட்ட விதவைகளும் ஏழைகளும் 1500 பேருக்கு மேல். இத்தனை பேர் வயிறு நம்பியிருக்கும்போது பொறுப்பு ஒருவர் தலையில் விழத்தான் செய்யும்.

ஆனால் அந்த ஒருவர் தனியாட்டம் ஆட முடிந்ததா? வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்துச் சிப்ரியானைப் பார். ஜனங்கள் பிடிவாதமாகப் பிஷப்பாக்கினார்கள்; ஐந்து மூப்பர்கள் எதிர்த்தார்கள். 250இல் ரோமப் பேரரசன் டீசியஸ் காலத்து உபத்திரவத்தில் ஒளிந்துகொண்டு அங்கிருந்தே கடிதம் எழுதி சபையை நடத்தினார். உங்கள் ஆலோசனையும் ஜனங்களின் சம்மதமும் இல்லாமல் எதுவும் செய்வதில்லை என்று பதவிக்கு வந்த நாளிலேயே முடிவு செய்தேன் என்று மூப்பர்களுக்கு எழுதுகிறார். விசுவாசத்துக்காகப் பாடுபட்ட அவுரேலியு என்ற பையனை வேதம் வாசிக்கும் வேலைக்கு வைத்துவிட்டு, உங்களைக் கேட்காமல் ஏன் வைத்தேன் என்று ஒரு கடிதம் முழுக்க விளக்கம் சொல்கிறார். வெறும் வாசகர் வேலைக்கு, ஜெபா! நம் பேராயர்கள் இப்படி ஒரு கடிதம் போட்டு நீ பார்த்திருக்கிறாயா? உன் பாஸ்டர் போடுவாரா?

இனி விளையாட்டில்லை. கிராஜுவிட்டி பணத்தில் ஒரு பகுதியை 'ஊழியத்துக்கு' கொடுக்கப்போவதாகக் கடிதக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். கொடுத்துவிட்டாயா? அங்கே கணக்கு யார் எழுதுகிறார்கள், யார் பார்க்கிறார்கள்? இடம் யார் பெயரில் இருக்கிறது? சாந்திக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் உடனே பதில் போடு. கடிதம் வேண்டாம், போனே போதும்.

உன்,
தேவதாஸ்